பக்கத்து வீட்டு மர வேரால் மதிலில் விரிசல்: நாமே வெட்டலாமா?

வெட்டலாம். உங்கள் நிலத்துக்குள் நுழைந்த வேரையும் கிளையையும் எல்லைக்கோடு வரை நீக்கப் பல நாடுகளின் சட்டம் அனுமதிக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் நிலத்தில் கால் வைப்பதானால் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும். அடிமரமே கோட்டின் மேல் நின்றால் கதை வேறு: பெரும்பாலும் அது இருவருக்கும் பொதுச் சொத்து.

கோடரியை எடுக்குமுன் விரிசலுக்குக் கீழே ஒரு முழம் தோண்டிப் பாருங்கள். கட்டைவிரலைவிடத் தடித்த வேர் அஸ்திவாரத்தை நெம்பிக்கொண்டிருந்தால் மரத்தைக் குற்றம் சொல்லலாம். வெறும் சல்லிவேர்தான் என்றால் எனக்குக் கசியும் வடிகால் குழாய் மீதுதான் சந்தேகம் வரும். களிமண் நிலத்தில், தொலைவில் உள்ள வேர்கூட ஈரத்தை உறிஞ்சி மண்ணைச் சுருக்கிவிடும். அதைப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.

வேரைப் படமெடுத்து, அவருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். தடித்த வேரை அறுத்து மரம் பட்டாலோ சாய்ந்தாலோ இழப்பீடு உங்கள் தலையில் விழலாம். பாதுகாக்கப்பட்ட மரமா என்பதையும் உள்ளாட்சி அலுவலகத்தில் முதலிலேயே கேளுங்கள்.