மச்சான் சொல்லும் பங்குக்கு வீட்டின் மேல் கடனா?

கேள்வி: பிட்ஸ்பர்கில் வேலை பார்க்கிறேன். 2023 டிசம்பரில், ஜப்பானின் நிப்பான் ஸ்டீல் எங்கள் ஊர் யு.எஸ். ஸ்டீலைப் பங்குக்கு 55 டாலர் கொடுத்து வாங்கப்போவதாக அறிவித்ததும், வீட்டின் மேல் ஹீலாக் கடன் எடுத்து (வீட்டை ஈடு வைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் வங்கிக் கடன்; வட்டி சுமார் 9%) 49.50 டாலர் வீதம் 1,000 பங்கு வாங்கினேன். 2025 ஜூனில் பணம் வந்துவிட்டது. ஜப்பான் அடுத்து வாங்கப்போகும் கம்பெனிகள் என்று மச்சான் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். இந்தப் பணத்தோடு ஹீலாக்கில் இன்னும் 80,000 எடுத்து ஆப்ஷனில் (குறித்த தேதிக்குள் குறித்த விலையில் பங்கை வாங்கும் உரிமை) போடலாம் என்கிறார். மனைவிக்குப் பயமாக இருக்கிறது. போடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் மனைவியின் பயம் நியாயமானது.

முதல் முறை லாபம் வந்தது என்றுதானே இந்தத் துணிச்சல்? வரவில்லை. போட்டது 49,500, வந்தது 55,000, ஆக 5,500. டிவிடெண்ட் ஒரு 300 சேர்த்துக்கொள்ளுங்கள். 18 மாத வட்டி ஏறக்குறைய 6,700. டீல் முடிந்தும், சொன்ன விலை முழுசாகக் கிடைத்தும், 900 டாலர் கையை விட்டுப் போயிருக்கிறது. வரி தனி.

55 கிடைக்கும் என்று தெரிந்தும் சந்தை ஏன் 49.50-க்கு விற்றது? எதிர்ப்பு வரும் என்று அதற்குத் தெரியும். எஃகுத் தொழிலாளர் சங்கம் முதல் நாளே எதிர்த்தது. 2024 தேர்தல் ஆண்டு. உங்கள் ஊர் இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தை இழக்க இரு கட்சிக்கும் மனமில்லை. பைடன், டிரம்ப் இருவருமே கூடாது என்றார்கள். அந்த செப்டம்பரில் விலை 30-க்குக் கீழே போனபோது உங்கள் 49,500 முப்பதாயிரத்துக்கும் கீழே வந்திருந்தது. வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. 2025 ஜனவரியில் பைடன் தடையே போட்டார். பிறகு டிரம்ப் மனம் மாறி, அரசுக்கு ‘கோல்டன் ஷேர்’ (முக்கிய முடிவுகளைத் தடுக்கும் உரிமை தரும் சிறப்புப் பங்கு) வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுத்தார். இத்தனைக்கும் நடுவே, உங்கள் ஊர்ப் பக்கம் யு.எஸ். ஸ்டீல் ஆலைகள் இருக்கும் ‘மான் வேலி’ (Mon Valley) பள்ளத்தாக்கில், ஜப்பான் பணம் வந்தால்தான் ஆலை பிழைக்கும் என்று தொழிலாளர்களிலேயே ஒரு பகுதியினர் டீலுக்கு ஆதரவாகத் திரண்டார்கள். சங்கம் ஒரு பக்கம், உறுப்பினர்கள் ஒரு பக்கம். இதையெல்லாம் எந்தப் பட்டியலை வைத்து முன்கூட்டியே கணிப்பது?

சத்தமில்லாத டீல்களும் உண்டு. 2024 ஜனவரியில் செகிசுய் ஹவுஸ், வீடு கட்டும் எம்.டி.சி. ஹோல்டிங்ஸைப் பங்குக்கு 63 டாலர் என்று அறிவித்து, ஏப்ரலில் முடித்தே விட்டது. யாரும் கொடி பிடிக்கவில்லை. ஆனால் அறிவிப்பு வந்ததுமே விலை 63-ஐ ஒட்டிப் போய் நின்றுவிட்டது. பின்னால் வாங்கியவருக்கு மிஞ்சியது சில்லறைதான்.

அறிவிப்புக்கு முன்பே ஊகித்து வாங்குவது வெறும் வதந்தியை நம்பிப் பணம் போடுவது. அதிலும் ஆப்ஷனுக்குக் கெடு தேதி இருக்கிறது. யு.எஸ். ஸ்டீல் மாதிரி 18 மாதம் இழுத்தால், கடைசியில் டீல் முடிந்தாலும் நீங்கள் போட்டது அதற்கு முன்பே பூஜ்யமாகியிருக்கலாம். வீட்டை வைத்து எடுத்த கடன் அப்படியே நிற்கும்.

வந்த 55,000-ல் ஹீலாக் அசல் 49,500-ஐ இந்த வாரமே அடைத்துவிடுங்கள். ஆண்டுக்குச் சுமார் 4,450 டாலர் வட்டி மிச்சமாகும். பிறகு அந்தக் கணக்கையே மூடச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். திறந்திருந்தால் மச்சான் மறுபடி கேட்பார். கேட்டால், “கடன் வாங்கிப் பங்கில் போட மாட்டேன் மச்சான்” என்று நீங்களே சொல்லுங்கள். உங்கள் மனைவி வாயால் அவருக்குச் சொல்ல வைக்காதீர்கள்.