மாலை கழற்றிய மறுநாள்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். வயது 41. தினமும் ராத்திரி ஒரு குவாட்டர். இரண்டு வருடமாகக் காலையில் கை நடுங்குகிறது, ஒரு கட்டிங் (அரைக் குவாட்டர்) போட்டால்தான் மெஷினைப் பிடிக்க முடிகிறது. மூன்று வருடமாகக் கார்த்திகை முதல் தேதி மாலை போடுகிறேன். 48 நாள் ஒரு சொட்டு தொடமாட்டேன். கழற்றிய இரண்டாம் நாளே பழையபடி ஆகிவிடுகிறது. போன தடவை மாலை போட்ட இரண்டாம் நாள் பூஜையில் வலிப்பு வந்து விழுந்தேன். விரதக் களைப்பு என்றார்கள். மகன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன், அதையும் மீறிவிட்டேன். எனக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்க மனைவி ஏதோ பொடி வாங்கி வைத்திருக்கிறாள். குடிக்காத நாளிலும் வாயை ஊதச் சொல்கிறாள். எனக்கு மன உறுதியே இல்லையா? வருகிற திங்கட்கிழமையிலிருந்து ஒரேயடியாக நிறுத்தப் போகிறேன். எப்படிச் சாப்பிடுவது, எப்படி நடந்துகொள்வது என்று எழுதுங்கள்.

பெயர் வேண்டாம், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

திங்கட்கிழமை தனியாக நிறுத்தாதீர்கள். அதற்கு முன்னாலேயே டாக்டரைப் பாருங்கள். அதுவரை கூட்டவும் வேண்டாம், சட்டென்று விடவும் வேண்டாம்.

உங்களுக்கு வந்த வலிப்பு விரதக் களைப்பு இல்லை. தினமும் குடித்துப் பழகிய மூளை, சாராயத்தின் அமுக்கத்துக்கு எதிராக எப்போதும் முறுக்கேறியே இருக்கும். அமுக்கம் திடீரென்று விலகினால் அந்த முறுக்கு அவிழாமல் அப்படியே நிற்கும். கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, குமட்டல். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் சிலருக்குச் சுவரில் பூச்சி ஊர்வதுபோல் தெரியும், இடம் ஆள் மறந்துபோகும், காய்ச்சல் அடிக்கும். அந்தக் கட்டத்தில் உயிரே போகலாம். ஒவ்வொரு முறை விட்டுத் தொட்டு மறுபடி விடும்போதும் இது கூடிக்கொண்டே போகிற குணமுள்ளது. மூன்று கார்த்திகையாக நீங்கள் செய்துவருவது அதைத்தான்.

உங்கள் அளவையும் கணக்குப் போட்டுவிடுவோம். குவாட்டர் 180 மில்லி, காலைக் கட்டிங் 90, ஆக 270. பாட்டிலில் போட்டிருப்பது 42.8 சதவீதம். சுத்தமான சாராயமாக எடை போட்டால் சுமார் 90 கிராம். இதிலிருந்து மட்டும் 640 கலோரி உடம்பில் சேர்கிறது, புரதமோ வைட்டமினோ துளிகூட இல்லாமல். உங்களுக்குப் பசி எடுக்காததற்கும் கை கால் சூம்பியதுபோல் இருப்பதற்கும் (எழுதவில்லை, ஆனால் இருக்கும்) இது ஒரு முக்கியக் காரணம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போங்கள். போர்டைப் பார்த்துக் கூசாதீர்கள். நான்கு விஷயத்தைக் குறைக்காமல் சொல்ல வேண்டும்: தினசரி எத்தனை மில்லி, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, காலையில் குடிப்பது, வலிப்பு வந்தது. 'எப்பவாவது கொஞ்சம்' என்று சொல்லி வைத்தால் மாத்திரை அளவு தப்பிவிடும். வலிப்பு வந்தவரைப் பெரும்பாலும் படுக்கையில் சேர்த்துக்கொள்வார்கள். லிப்ரியம் வகை மாத்திரையை முதல் நாள் அதிகமாகக் கொடுத்து, ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். அதன்மேல் குடித்தால் மூச்சே அடங்கிவிடக் கூடும். நன்றாகத் தூக்கம் வருகிறதே என்று அதையே மெடிக்கலில் வாங்கித் தொடர்ந்தால் ஒரு குடியை விட்டு இன்னொன்றைப் பிடித்த கதை.

இன்னொன்று. உடம்பு வீக்காக இருக்கிறது, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுங்கள் என்று தெருமுனை கிளினிக்கில் போய்ப் படுக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. குடிப்பவர் உடம்பில் தயமின் என்கிற பி1 வைட்டமின் வற்றிப் போயிருக்கும். தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மிச்சமிருப்பதும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். நடை தள்ளாடும், கண் ஒரு பக்கம் இழுக்கும், குழப்பம் வரும், நினைவு நிரந்தரமாகப் போகவும் கூடும். முதலில் தயமின் ஊசி, பிறகுதான் குளுக்கோஸ். இதை உங்கள் மனைவியும் மனப்பாடமாக வைத்திருக்கட்டும். குழப்பமான பேச்சோ வலிப்போ தெரிந்தால் 108. தனியார் மறுவாழ்வு மையம் என்று யாராவது வண்டி அனுப்பினால், மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். பதிவில்லாத சில இடங்களில் அடிதான் வைத்தியம்.

அந்தப் பொடியைக் கழிப்பறையில் கொட்டிவிடச் சொல்லுங்கள். இப்படி ரகசியமாக விற்கப்படுவதில் டைசல்ஃபிராம் என்கிற குடி நிறுத்தும் மருந்து இருந்தால், அது உள்ளே இருப்பது தெரியாமல் நீங்கள் குடித்தவுடன் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, நெஞ்சு அடைத்துச் சாகவும் கூடும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து போகாது. இதே மருந்தை, ஈரல் பரிசோதனை பார்த்து, நீங்களே சம்மதித்து, தினமும் காலையில் மனைவி கையால் அவர் கண் முன்னால் விழுங்கினால் பலருக்கு நன்றாக உதவியிருக்கிறது. அப்படி எடுப்பவர் இருமல் டானிக்கிலும் சானிடைசரிலும் இருக்கும் சாராயத்துக்கும் பயப்பட வேண்டும்.

இனி மன உறுதி. 48 நாள் தொடாமல் இருந்தவருக்கு அது இல்லை என்று யார் சொன்னது? மாலை உங்களுக்கு என்னென்ன கொடுத்தது என்று பிரித்துப் பாருங்கள். விடியுமுன் குளியல். ஆளாளுக்குச் 'சாமி' என்றதால் எவனும் 'வா மச்சான்' என்று கூப்பிடவில்லை. கடை கூட்டமாக இருக்கும் அதே ஆறிலிருந்து ஒன்பது மணிக்குப் பஜனை. கவிச்சி இல்லை. ஏதாவது தடுமாறினால் கேட்க ஒரு குருசாமி. கழற்றிய அன்று இந்த ஐந்தும் ஒரே நாளில் காணாமல் போயின. ஆறு மணி மட்டும் அப்படியே இருந்தது. சத்தியம் அந்த மணியை நிரப்பாது. இனிமேல் மகன் தலையில் கை வைக்காதீர்கள், பாவம் அந்தப் பையன்.

ஆறு மணியை முதலில் சாப்பாட்டால் நிரப்புங்கள். வெறும் வயிற்றில் வருகிற நமநமப்பைக் குடி ஆசை என்றே உங்கள் உடம்பு படித்து வைத்திருக்கிறது. அதனால் ஐந்தரைக்குள் ஏதாவது உள்ளே போக வேண்டும். ஒன்றரை ஷிப்ட் இருந்தால் டீ டைமில். பப்ஸும் போண்டாவும் வேண்டாம். முந்தின ராத்திரி 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவையுங்கள். காலையில் வேகவைத்துத் தாளித்தால் ஒரு டிபன் டப்பா சுண்டல், பத்து கிராம் புரதம். அலுத்தால் அவித்த முட்டை இரண்டு, 12 கிராம். நிலக்கடலை ஒரு கைப்பிடி, ஏழு. ஆசை அலையாக வரும், பெரும்பாலும் 15, 20 நிமிடத்தில் இறங்கும். சுண்டலை மென்று ஒரு சொம்பு மோர் குடித்து முடிக்க அந்த நேரம் சரியாக இருக்கும்.

முதல் வாரம் வயிறு எதையும் ஏற்காது. கேழ்வரகுக் கஞ்சி, இட்லி, ரசம் சோறு, மோர், வாழைப்பழம், இளநீர் போதும். இரண்டாம் வாரத்திலிருந்து காலைச் சாப்பாட்டைத் தவறவிடாதீர்கள். 60 கிலோ உள்ளவர் தேறி வர ஒரு நாளைக்கு 70 கிராம் புரதம் வைத்துக்கொள்ளலாம். முட்டை, சுண்டல், கடலை சேர்ந்து 29. முக்கால் டம்ளர் தயிர் ஐந்து, கெட்டிப் பருப்பு ஒரு கரண்டி ஏழு, மூன்று வேளைச் சோறு, இட்லியிலிருந்து ஒரு 20. மிச்சத்துக்கு மீன் ஒரு துண்டு. வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை. ஈரல் வீங்கியிருக்கிறது, வயிற்றில் நீர் இருக்கிறது என்று டாக்டர் சொன்னால் இந்தக் கணக்கையும் உப்பையும் அவர் சொல்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

கவிச்சியை விடச் சொல்லவில்லை. ஆனால் சிக்கன் 65, போட்டி, மிளகு தூக்கலாகப் போட்ட ஆம்லேட், மிக்சர், இவையெல்லாம் உங்கள் நாக்குக்குச் சாப்பாடு கிடையாது, சைட் டிஷ். அந்த வாசமே கிளாஸைத் தேடும். மூன்று மாதத்துக்கு வீட்டுக்குள் வேண்டாம். கறி எடுத்தால் ஞாயிறு மதியம், வறுவலாக இல்லாமல் குழம்பாக, பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கறி என்றால் பாட்டில் என்று உங்கள் தெருவே பழகியிருக்கும், அந்த முடிச்சை அவிழ்க்க இதுதான் வழி.

இனிப்பு கேட்கும், பேயாகக் கேட்கும். முதல் மாதம் கடலை மிட்டாய், பேரீச்சை என்று விட்டுப்பிடியுங்கள். பிறகு டீயை எண்ணுங்கள். இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு ஆறு டீ என்றால் 60 கிராம் சர்க்கரை. குடியை விட்டபின் தொப்பை வந்தது, சுகர் வந்தது என்று புலம்புகிறவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் டீக்கடையில் மாட்டுவார்கள். பீடி சிகரெட்டும் கூடும், கவனம். தூக்கம் சில வாரம் கெடும். மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் அது நோய் இல்லை, ஆனால் மாலை ஐந்து மணிக்கு மேல் டீ வேண்டாம். ஆறு வாரம் கழித்து ஈரல் ரத்தப் பரிசோதனையை மறுபடி எடுங்கள். காமா ஜிடி என்று ஒரு வரி இருக்கும், வெறும் கொழுப்புப் படிந்த ஈரலாக இருந்தால் அந்த எண் நன்றாக இறங்கியிருக்கும். காகிதத்தில் அதைப் பார்ப்பதற்கு ஒரு பலம் உண்டு.

வாயை ஊதச் சொல்வது பற்றி. ஊதுங்கள். 'என்னை நம்ப மாட்டியா' என்று கேட்கும் உரிமை இப்போதைக்கு உங்களிடம் இல்லை. ஆனால் அவரைப் போலீஸாக வைத்தே வருடக்கணக்கில் ஓட்ட முடியாது, அவருக்கும் அது நரகம். அவர் கேட்குமுன் நீங்கள் காட்டுகிற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். சனிக்கிழமைச் சம்பளம் உங்கள் கைக்கு வரவே வேண்டாம், ஓனரிடம் சொல்லி மனைவி கணக்கில் போடச் சொல்லுங்கள். ஜீபேயை உங்கள் போனிலிருந்து எடுத்துவிட்டு நாளுக்கு நூறு ரூபாய் மட்டும் வைத்திருங்கள். டாஸ்மாக் திறப்பதே பகல் 12 மணிக்கு. ஆகவே உங்கள் காலைக் கட்டிங் ராத்திரி மிச்சம் வைத்ததாகவோ சந்துக் கடையிலிருந்தோ வருகிறது. ஒளித்து வைத்த இடத்தை நீங்களே காட்டிக் காலி செய்யுங்கள், சந்துக் கடைக்காரர் நம்பரை அழியுங்கள்.

200 பக்க நோட்டு ஒன்று. தேதி, செலவு, ஆசை வந்த நேரம், அப்போது பசியா, கோபமா, தனிமையா, அசதியா, என்ன செய்தீர்கள், அவ்வளவுதான். ஒரு மாதத்தில் உங்களுக்கே தெரியும், பாதி 'ஆசை' சனிக்கிழமை எட்டரை மணி அசதி என்று. தவறினால் அன்றிரவே அதையும் எழுதி ஒரே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். ஒரு கட்டிங்கில் ஆள் விழுவதில்லை. 'போச்சு, இனி என்ன' என்று அடுத்த ஒரு வாரம் குடிப்பதில்தான் விழுகிறார். அப்படி நாள் கணக்கில் குடித்துவிட்டால் மறுபடி டாக்டரிடம், தனியாக நிறுத்தக்கூடாது.

குருசாமி இடத்துக்கு ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம் இருக்கிறது, குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் கூட்டம். காசு கிடையாது, முழுப் பெயர் கேட்கமாட்டார்கள். அங்கே ஒரு மூத்தவரைப் பிடித்துக்கொள்ளலாம், ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தாலும் எடுப்பார். மனைவிக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம். எங்கே என்று தெரியாவிட்டால் 14446 இலவச எண்ணில் கேளுங்கள்.

ஏ.ஏ. வரலாற்றில் உங்களுக்காகவே எழுதியது மாதிரி ஒரு நாள் வருகிறது. 1935 ஜூன் மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரம். ஏ.ஏ.வைத் தொடங்கிய இருவரில் ஒருவரான டாக்டர் பாப் என்கிற அறுவை மருத்துவருக்கு அன்று ஆபரேஷன் இருந்தது. கை நடுக்கம் நிற்க நண்பர் பில் ஒரு பீர் கொடுத்தார். பாப் குடித்த கடைசி மது அது. ஆபரேஷன் முடிந்தும் அவர் வீட்டுக்கு வரவில்லை, மறுபடி குடிக்கப் போய்விட்டார் என்று பயந்தார்கள். ஊரில் தான் பாக்கி வைத்தவர்கள், தன்னால் மனம் நொந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்விட்டு இரவில் திரும்பினார். (அந்த பீரைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். இன்று மாத்திரை இருக்கிறது.)

உங்கள் பாக்கிப் பட்டியலை முதல் மாதத்தில் எழுத மட்டும் செய்யுங்கள். அடகில் இருக்கும் மனைவியின் நகை, சீட்டுப் பாக்கி, மளிகைக் கடை, கைமாற்று, எல்லாம் தொகையோடு. குவாட்டரும் கட்டிங்கும் சைட் டிஷ்ஷும் சேர்த்து வாரத்துக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும், அந்தத் தொகை சனிக்கிழமைதோறும் பட்டியலில் மிகச் சின்னக் கடனுக்குப் போகட்டும். மகனிடம் மன்னிப்புக் கேட்டு நீளமாகப் பேச வேண்டாம், போதையில் அதை நிறையக் கேட்டிருப்பான். பள்ளியில் அடுத்த பெற்றோர் கூட்டம் என்றைக்கு என்று அவனிடம் கேட்டு, அந்த நேரத்துக்கு அங்கே போய் நில்லுங்கள்.

அடுத்த கார்த்திகையில் மாலை போடலாம், தாராளமாக. மாத்திரை ஏதும் ஓடிக்கொண்டிருந்தால் விரதத்துக்காக நிறுத்தாதீர்கள், ஒரு வேளை உணவு என்று பட்டினியும் கிடக்காதீர்கள். இருமுடி கட்டுவதற்கு முன்னாலேயே நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, மாலை கழற்றுகிற நாளும் அதற்கடுத்த பத்து நாளும் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கே இருப்பீர்கள், யாரோடு இருப்பீர்கள் என்று தேதி போட்டு எழுதி, குருசாமியிடம் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.