கேமரா எங்கள் வீட்டில், சாவி அவர் போனில்

வாசகர் கடிதம்: நானும் கணவரும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறோம். மாமியாருக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதமாகப் படுக்கை. பகலில் ஒரு அக்கா வந்து பார்த்துக்கொள்கிறார். இரண்டு மாதத்துக்கு முன் ஹாலில், கட்டிலுக்கு எதிரே, வைஃபை கேமரா ஒன்று மாட்டினோம். அருகிலிருக்கும் கடைக்காரர் 3,400 ரூபாய் ஜிபேயில் வாங்கிக்கொண்டு, அவர் போனிலேயே செட் செய்து, எங்கள் இருவர் போனிலும் பார்க்கும்படி வைத்துக் கொடுத்தார். போன வாரம் ராத்திரி 2 மணிக்குக் கேமரா தானாகத் தலையைத் திருப்பியது. ஆப்பில் தேடினால் நாங்கள் "பகிரப்பட்டவர்கள்", உரிமையாளர் வேறொரு எண். அது கடைக்காரருடையது. கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார்: "அக்கா, சர்வீஸுக்கு வேணும்னுதான் வெச்சிருக்கேன், பயப்படாதீங்க." அத்தைக்கு உடம்பு துடைத்து உடை மாற்றுவது அந்தக் கட்டிலில்தான். கணவர் கேமராவைக் கழற்றி உடைத்துவிட்டு விஷயத்தை விடச் சொல்கிறார். வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்கிறார். இது குற்றமா? எப்படி நிரூபிப்பது?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உடைக்காதீர்கள். ரீசெட்டும் செய்யாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு பேசலாம், இதை மட்டும் இன்றைக்கே கேளுங்கள். கோபத்தில் ரீசெட் பட்டனை அழுத்திவிட்டு வழக்குப் போட வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி மட்டும்தான் இருந்தது, சாட்சி எதுவும் இல்லை.

செய்யவேண்டிய வரிசை இது. கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் முகத்தில் ஒரு துணியைப் போட்டு மூடுங்கள். ஆப்பைத் திறந்து, உரிமையாளர் எண் தெரியும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அப்புறம் இன்னொரு போனால், ஆப்பைத் திறப்பதிலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரே வீடியோவாக எடுத்துவையுங்கள். இதில் அவசரம் உண்டு. உரிமையாளர் கணக்கு அவரிடம் இருப்பதால், அவர் தன் போனில் கேமராவை நீக்கிவிட்டால் உங்கள் ஆப்பிலிருந்தும் அது மறைந்துவிடும். நீங்கள் ஏற்கெனவே கேட்டுவிட்டீர்கள், அவர் உஷாராகியிருப்பார். பிறகு மின்சார ஒயரைப் பிடுங்கிவிட்டு, மெமரி கார்டை வெளியே எடுக்காமல் கேமராவை அப்படியே ஒரு காகித உறையில் வைத்து ஒட்டி, தேதி போட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். கேமராவின் அடியில் இருக்கும் ஸ்டிக்கரில் சீரியல் எண் இருக்கும், உறையில் வைக்கும் முன் அதையும் படம் எடுங்கள். வாட்ஸ்அப் குரல் பதிவை அழிக்கக் கூடாது. அந்த உரையாடலில் தானாக மறையும் செய்தி வசதி இருந்தால் நிறுத்துங்கள். வைஃபை பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள். செட் செய்தபோது நீங்கள் அவரிடம்தானே சொல்லியிருப்பீர்கள்?

சரி, இது குற்றமா?

கேமராவை மாட்ட அவருக்கு அனுமதி கொடுத்தீர்கள். அந்த அனுமதி மாட்டி முடித்த நிமிஷத்தோடு தீர்ந்தது. பூட்டுச் செய்து கொடுத்தவர் ஒரு சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டு "ரிப்பேருக்கு வேணும்" என்றால் நாம் ஒப்புக்கொள்வோமா? தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-ன் 43-வது பிரிவு இதைத்தான் பேசுகிறது: ஒரு கணினியின் உரிமையாளரோ அதன் பொறுப்பில் இருப்பவரோ அனுமதிக்காமல் அதற்குள் நுழைவது. கேமரா எப்படிக் கணினியாகும் என்று எதிர்த்தரப்பு கேட்கலாம். அந்தச் சட்டத்தில் கணினி என்பதற்கான விளக்கம் தரவுகளைக் கையாளும் மின்னணுச் சாதனம் எதையும் தழுவும் அளவுக்கு அகலமானது. வைஃபை கேமராவுக்குள் இருப்பது ஒரு சின்னக் கணினிதான்.

அதே செயல் "நேர்மையற்ற" அல்லது "மோசடி" நோக்கத்தோடு நடந்தால் 66-வது பிரிவில் குற்றமாகிறது. மூன்று ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் ஒரு சிக்கலை மறைக்க விரும்பவில்லை. சட்டத்தில் "நேர்மையற்ற" என்றால் ஒருவருக்கு முறையற்ற லாபமோ இன்னொருவருக்கு முறையற்ற நட்டமோ உண்டாக்கும் நோக்கம். சும்மா பார்த்தேன், யாருக்கு என்ன நட்டம் என்று அவருடைய வக்கீல் வாதாடுவார். அதனால் இந்த ஒரு பிரிவை மட்டும் நம்பிப் புகார் எழுதக் கூடாது.

உங்கள் வழக்கின் உயிர், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவில் இருக்கிறது. யாரும் பார்க்கமாட்டார்கள் என்று ஒரு பெண் நியாயமாக எதிர்பார்க்கும் இடத்தில், அவர் உடல் மறைவின்றி இருக்கும் நிலையில், ஒருவர் அவரைப் பார்த்தாலே குற்றம். படம் பிடித்திருக்க வேண்டியதில்லை, யாருக்கும் அனுப்பியிருக்கவும் வேண்டியதில்லை. முதல் முறைக்கு ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறை. சொந்த வீட்டில், சொந்தக் கட்டிலில் உடம்பு துடைத்துக்கொள்ளும் ஒரு வயதானவருக்கு அந்த எதிர்பார்ப்பு இல்லாமல் வேறு யாருக்கு இருக்கும்? படமாக எடுத்து வைத்திருந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவும் சேரும்.

இனி நிரூபிப்பது. ராத்திரி கேமரா திரும்பியதை மட்டும் வைத்து வழக்கு நிற்காது. ஆள் நடமாட்டத்தைக் கண்டால் தானாகத் திரும்பும் வசதி இந்தக் கேமராக்களில் உண்டு. ஒரு பூனை குறுக்கே போனால்கூடத் திரும்பலாம். உரிமையாளர் கணக்கு அவரிடம் இருந்தது என்பதற்கு உங்கள் ஸ்கிரீன்ஷாட்டும் அவருடைய குரல் பதிவும் போதும். அது அவரே தந்த ஒப்புதல். அவர் உண்மையில் பார்த்தார் என்பதற்குத்தான் வேலை இருக்கிறது. எந்தக் கணக்கு எத்தனை மணிக்கு நேரலையைத் திறந்தது என்ற பதிவு கேமரா நிறுவனத்தின் சர்வரில் இருக்க வாய்ப்பு அதிகம். பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் கேட்டு, தினமும் உடம்பு துடைப்பது எத்தனை மணிக்கு, உடை மாற்றுவது எப்போது என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். சர்வர் பதிவின் நேரமும் அந்தத் தாளின் நேரமும் மறுபடி மறுபடி ஒத்துப்போனால், "சர்வீஸுக்கு" என்ற பதில் கோர்ட்டில் எடுபடாது.

கணினி அவசரநிலைகளைக் கையாளும் மத்திய அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் ஓர் உத்தரவு போட்டது. அதன்படி நிறுவனங்கள் தங்கள் கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். உங்களுக்கு ஏற்கெனவே 60 நாள் போய்விட்டது. ஆகவே காவல் நிலையம் போவதற்கு முன்பே கேமரா நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். சீரியல் எண், ஜிபே ரசீது, உரிமையாளராகக் காட்டும் எண் எல்லாவற்றையும் சொல்லி, அந்தக் கணக்கின் பதிவுகளை அழிக்காமல் வைத்திருக்கும்படி கேளுங்கள். உங்களிடம் பதிவுகளைத் தரமாட்டார்கள், பரவாயில்லை. காவல்துறை எழுத்து மூலம் கேட்டால் தர வேண்டியிருக்கும். பிற்பாடு "அழிந்துவிட்டது" என்று அவர்கள் கைவிரிக்காமல் இருக்கத்தான் உங்கள் கடிதம்.

ஸ்கிரீன்ஷாட், குரல் பதிவு ஆகியவற்றைக் கோர்ட்டில் வைக்க, பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். பழைய 65பி சான்றிதழின் புது வடிவம் இது. ஒரு பகுதியில் நீங்களும் மறு பகுதியில் ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும். இதை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார். அதுவரை உங்கள் இருவர் போனையும் விற்கவோ எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவோ வேண்டாம்.

புகாரை சைபர் கிரைம் காவல் நிலையத்தில் நேரில், எழுத்தில் கொடுங்கள். 1930 முக்கியமாகப் பண மோசடிக்கான எண், உங்களுக்கு அது பொருந்தாது. தேசிய சைபர் கிரைம் தளத்திலும் பதியலாம், ஆனால் அந்த ஒப்புகை எண்ணை எஃப்ஐஆர் என்று நினைத்துவிடாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றங்களை ஆய்வாளர் பதவிக்குக் குறைந்தவர் விசாரிக்க முடியாது என்பதால் ஆய்வாளரையே பார்க்கக் கேளுங்கள். நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவுப் புகாரைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும், இது உங்கள் உரிமை. "சமாதானமாகப் போங்கம்மா" என்று யாராவது சொன்னால், பெண்ணுக்கு எதிரான குற்றத்தைச் சமரசத்தில் முடிக்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 77ஏ பிரிவு இடம் தரவில்லை என்று சொல்லுங்கள். பதிவு செய்ய மறுத்தால் காவல் ஆணையருக்கோ கண்காணிப்பாளருக்கோ பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் நடுவர் நீதிமன்றத்தில் மனு போடலாம்.

முதல் முறைக் குற்றத்துக்கு 77-வது பிரிவில் ஜாமீன் கிடைக்கும். ஆகவே மறுநாளே அவர் கடையைத் திறந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் வழக்கு தோற்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். உங்கள் கணவர் கடைக்குப் போய் அவர் போனைப் பிடுங்கும் எண்ணத்தில் இருந்தால் தடுத்துவிடுங்கள். பிறகு உங்கள் கணவர் மேல் ஒரு வழக்கு வரும், உங்கள் வழக்கு பின்னால் போய்விடும்.

பணம் சம்பந்தமாக இரண்டு வழிகள் உண்டு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை மதிப்புள்ள கொள்முதலுக்குக் கட்டணம் கிடையாது. பில் தராவிட்டாலும் ஜிபே பதிவு போதும். இன்னொன்று, 43-வது பிரிவின்படி இழப்பீடு கேட்டு மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர் முன் மனு செய்வது. இங்கே "நேர்மையற்ற நோக்கத்தை" நிரூபிக்கும் சுமை இல்லை. இந்த வழியைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு, எனக்கு அது வருத்தமே. புதிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உதவாதா என்று பலரும் கேட்கிறார்கள். சட்டம் 2023-ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியக் கடமைகள் அமலாவது 2027 மே மாதத்தில்தான். அதில் விதிக்கும் அபராதமும் அரசுக்குப் போகுமே தவிர உங்கள் கைக்கு வராது.

மானம் போய்விடும் என்ற பயத்துக்கு வருகிறேன். 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில், ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராவிலிருந்து பெண்களைப் பரிசோதிக்கும் காட்சிகள் திருடப்பட்டு இணையத்தில் விற்கப்பட்டது வெளியே வந்தது. அந்தப் பெண்கள் யாருக்கும் தாங்கள் படமாகிறோம் என்றே தெரியாது. உங்களுக்குத் தெரிந்துவிட்டது. காட்சி வெளியே போகும் முன் தடுக்க வாய்ப்பு இருக்கிறது. விஷயத்தை விட்டுவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும். அந்தக் கடைக்காரர் இதே மாதிரி செட் செய்து கொடுத்த மற்ற வீடுகளையும் நினைத்துப் பாருங்கள். ஒருவேளை ஏதாவது ஏற்கெனவே பரவியிருந்தாலும் வழி உண்டு. 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்கக் காட்சிகள் பரவிய வழக்கில், 48 மணி நேரத்துக்குள் அவற்றை நீக்க நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அந்தக் கேமராவில் இரண்டு மாதமாகத் தெரிந்தவர் அத்தை மட்டுமல்ல, பார்த்துக்கொள்ளும் அக்காவும்தான். அவரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். அவரும் தனியாகப் புகார் கொடுக்கலாம், சாட்சியாகவும் அவர் முக்கியம். அத்தையிடமும் சொல்லுங்கள், பேச்சு குழறினாலும் அவருக்குப் புரியும். கேமரா மாட்டும்போது அவரிடம் கேட்டீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. ஒரே வீட்டில் குடியிருப்பவரின் சம்மதம் இல்லாமல் உள்ளே கேமரா வைப்பது அவருடைய அந்தரங்கத்தை மீறுவது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025-ல் தீர்ப்புச் சொன்னது, உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. உங்கள் மேல் தப்புச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. நல்ல எண்ணத்தில்தான் மாட்டினீர்கள். இன்னொரு கேமரா வாங்குவதாக இருந்தால் முதலில் அவரைக் கேளுங்கள், உங்கள் சொந்த எண்ணில் நீங்களே செட் செய்யுங்கள், உடம்பு துடைக்கும் நேரத்தில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

வாக்குமூலம் கொடுக்க அத்தையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமே என்ற கவலை வேண்டாம். பெண்களையும் உடல்நலம் குன்றியவர்களையும் விசாரணைக்கு நிலையத்துக்கு வரச் சொல்லக் கூடாது என்று, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-வது பிரிவு சொல்கிறது. பெண் அதிகாரி உங்கள் வீட்டுக்கு வந்து, அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டும். புகாரின் கடைசி வரியில் இதையும் கேட்டு எழுதுங்கள்.