மருத்துவக் கதிர்வீச்சின் டோஸை அளப்பதும் சரிபார்ப்பதும்: கேள்வி பதில்

கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் மருத்துவ இயற்பியலாளராகப் பணியாற்றி வருகிறேன். டோஸ் அளவீடு குறித்து வந்த கேள்விகளில் ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, என் தந்தைக்கு 30 நாள்களில் 60 கிரே கொடுப்பதாகக் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார்கள். கிரே என்பது என்ன? அத்தனையும் உடலுக்குள் சேர்ந்ததா என்பதை யார் அளந்து பார்க்கிறார்கள்?

பதில்: ஒரு கிலோகிராம் திசு ஒரு ஜூல் ஆற்றலை உள்வாங்கினால் அந்த டோஸ் ஒரு கிரே. உங்கள் தந்தைக்கு நாளொன்றுக்கு 2 கிரே வீதம் கொடுக்கப்படுகிறது. ஒரு கிரே தண்ணீரின் வெப்பநிலையை ஏறத்தாழ 0.00024 டிகிரி செல்சியஸ்தான் உயர்த்தும். செல்லைக் கொல்வது இந்த வெப்பமன்று, அதே ஆற்றல் செல்லின் மரபுப் பொருளில் ஏற்படுத்தும் அயனியாக்கம். அந்தச் சிறு வெப்ப உயர்வை நேரடியாக அளக்கும் கலோரிமீட்டர்களைச் சில தேசியத் தர அளவீட்டு ஆய்வகங்கள் வைத்திருக்கின்றன.

கட்டிக்குள் கருவியை வைத்து அளப்பது வழக்கமில்லை. தர ஆய்வகம் எங்கள் அயனி அறையை, அதாவது கதிர்வீச்சு தன் உள்காற்றில் உண்டாக்கும் மின்னூட்டத்தைச் சேகரிக்கும் சிறு கருவியை, அளவுதிருத்தம் செய்து தருகிறது. அந்த அறையைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து இயந்திரத்தின் வெளியீட்டை நாங்கள் அளக்கிறோம். அந்த அளவீடுகளை அடிப்படையாகக் கொண்டு, நோயாளியின் சி.டி. படத்தின் மீது கணினி டோஸைக் கணக்கிடுகிறது. ஆகவே 60 கிரே என்பது ஒரு சங்கிலியின் கடைசிக் கண்ணி. தொடக்கத்தில் நேரும் பிழை கடைசிவரை அப்படியே வந்துசேரும்.

கேள்வி: மருத்துவ இயற்பியல் முதுகலை மாணவி நான். அயனி அறை தருவது மின்னூட்டம் மட்டுமே. அது எப்படி கிரே ஆகிறது? வெப்பநிலைக்கும் காற்றழுத்தத்துக்கும் இவ்வளவு முக்கியத்துவம் ஏன்?

பதில்: வழக்கமாகப் பயன்படும் 0.6 கன சென்டிமீட்டர் அறையில் ஒரு கிரேக்குச் சுமார் 20 நானோகூலம் மின்னூட்டம் சேரும். அதை, ஆய்வகம் கதிரியக்கக் கோபால்ட்-60 கற்றையில் தண்ணீருக்குள் வைத்துத் தந்த அளவுதிருத்தக் காரணியால் பெருக்க வேண்டும். நம் லினாக்கின் (சிகிச்சைக் கற்றையைத் தரும் நேர்கோட்டு முடுக்கி இயந்திரத்தின்) கற்றை கோபால்ட் கற்றையன்று என்பதால் கற்றைத் தரத்துக்கான, அதாவது அதன் ஊடுருவும் திறனுக்கான, திருத்தம் ஒன்றும் சேரும். சர்வதேச அணுசக்தி முகமை 2000இல் வெளியிட்ட 398ஆம் எண் நெறிமுறை இந்தக் கணக்கை வரிசையாகத் தருகிறது. துருவமுனைத் திருத்தமும் (அறைக்குத் தரும் மின்னழுத்தத்தின் திசையால் வரும் வேறுபாட்டுக்கு) அயனி மறுசேர்க்கைத் திருத்தமும் (சேகரிக்கும் முன்பே மீண்டும் இணைந்துவிடும் அயனிகளுக்கு) பெரும்பாலும் ஒரு விழுக்காட்டுக்குள் அடங்குபவை.

நீங்கள் கேட்ட இரண்டுக்கும் வருகிறேன். இந்த அறை மூடப்பட்டதன்று. உள்ளிருக்கும் காற்று வெளிக்காற்றோடு கலந்தது. சுற்றுப்புற வெப்பநிலை 20இலிருந்து 23 டிகிரியானால் காற்று விரிந்து, அளவீடு ஒரு விழுக்காடு குறையும். காற்றழுத்தத்தில் நேரக்கூடிய பிழை இதைவிடப் பெரிது. கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டர் உயரத்தில் உண்மையான அழுத்தம் ஏறத்தாழ 90 கிலோபாஸ்கல்தான் இருக்கும். ஆனால் வானிலை அறிக்கைகளில் வருவது பெரும்பாலும் கடல் மட்டத்துக்கு மாற்றிச் சொல்லப்பட்ட அழுத்தம், அதாவது 101 கிலோபாஸ்கலை ஒட்டிய எண். அதை அப்படியே எடுத்துப் போட்டால் இயந்திரம் பத்து விழுக்காட்டுக்கும் மேல் குறைவாகத் தருவதாகத் தோன்றும். அதை நம்பி வெளியீட்டை உயர்த்தினால், அன்றுமுதல் ஒவ்வொரு நோயாளிக்கும் அந்த அளவு கூடுதலாகப் போகும். ஆகையால் அழுத்தமானி அளக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். அதுவும் அளவுதிருத்தம் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். மாணவர்கள் அறையின் காரணியைப் பத்து முறை சரிபார்ப்பார்கள். அழுத்தமானியை ஒருமுறைகூட ஐயப்பட மாட்டார்கள்.

கேள்வி: நான் லினாக்கை இயக்கும் தொழில்நுட்பர். தினமும் காலையில் வெளியீடு 3 விழுக்காட்டுக்குள் இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் சிகிச்சையைத் தொடங்குகிறோம். அதற்கு மேல் மாதாந்தரச் சோதனையும் வெளித் தணிக்கையும் தேவையா?

பதில்: காலையில் நீங்கள் பயன்படுத்தும் கருவி நேற்றைய நிலையோடு இன்றைய நிலையை ஒப்பிடுகிறது, நேற்றைய நிலை சரியானதா என்பது அதற்குத் தெரியாது. அதனால்தான் மாதந்தோறும் 2 விழுக்காடு, ஆண்டுதோறும் 1 விழுக்காடு என வரம்பு இறுகிக்கொண்டே போகிறது. ஆனால் ஆண்டுச் சோதனையையும் அதே இயற்பியலாளர் அதே அயனி அறையைக் கொண்டு செய்தால், அறையின் காரணியைத் தவறாகப் பதிந்த பிழை அங்கும் தப்பிவிடும். ஒரே கையும் ஒரே கருவியும் எத்தனை முறை அளந்தாலும் அதை ஒரு சோதனை என்றே நான் கணக்கிடுவேன்.

சர்வதேச அணுசக்தி முகமையும் உலக சுகாதார நிறுவனமும் 1969 முதல் அஞ்சல்வழித் தணிக்கையை நடத்தி வருவது இதற்காகவே. சிறிய டோஸ்மானிகள் அஞ்சலில் வரும். அவற்றைத் தண்ணீருக்குள் வைத்து 2 கிரே கொடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். நாம் கொடுத்ததாகச் சொன்னதும் அவர்கள் அளந்ததும் 5 விழுக்காட்டுக்குள் பொருந்த வேண்டும். முன்பு வெப்ப ஒளிர்வுத் தூள் வந்தது, இப்போது ஒளிரும் கண்ணாடித் துண்டு வருகிறது. நம் அறையையோ நம் கணக்கையோ அது சார்ந்ததன்று. அதன் முழுப் பயனும் அதில்தான் இருக்கிறது.

கேள்வி: இத்தகைய பிழைகள் உண்மையில் நடந்திருக்கின்றனவா, அல்லது ஏட்டளவில் சொல்லப்படும் எச்சரிக்கைகளா?

பதில்: நடந்திருக்கின்றன. 1996இல் கோஸ்டா ரிக்காவின் சான் ஹோசே நகரில் கோபால்ட் மூலத்தை மாற்றியபின், வெளியீட்டைக் கணக்கிட்டபோது 0.3 நிமிடம் என்பதை 30 விநாடி என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அது 18 விநாடி. மூலத்தின் வீரியம் குறைவாகத் தெரிந்ததால் சிகிச்சை நேரம் நீண்டது. 115 நோயாளிகள் மிகைக் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். பிரான்சின் துலூஸ் நகரில் 2006, 2007 ஆண்டுகளில் 145 பேருக்கு நேர்ந்தது வேறு வகை. சில மில்லிமீட்டர் அகலமே உள்ள சிறு கற்றைகளை அளக்க, அவற்றுக்குப் பொருந்தாத பெரிய அறையைப் பயன்படுத்தினார்கள். கற்றையைவிட அறை பெரிதானால் உச்ச டோஸும் ஓரத்தின் குறைந்த டோஸும் சராசரியாகி, அளவீடு குறைவாக வரும். கணினி அதை ஈடுகட்டக் கூடுதலாகக் கொடுக்கச் சொல்லும். இரண்டிலும் இயந்திரம் பழுதாகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: என் மார்பு சி.டி. அறிக்கையில் 12 மில்லிகிரே என்றும், 400 மில்லிகிரே சென்டிமீட்டர் என்றும் இரண்டு எண்கள் உள்ளன. இவைதாம் நான் பெற்ற டோஸா?

பதில்: இல்லை. முதல் எண், அதே அமைப்பில் ஒரு பிளாஸ்டிக் உருளையை ஸ்கேன் செய்தால் அது பெறும் டோஸ். உடலுக்கு 32 சென்டிமீட்டர் விட்டமும் தலைக்கு 16 சென்டிமீட்டர் விட்டமும் கொண்ட உருளைகள் வழக்கில் உள்ளன. நீங்கள் மெலிந்தவரென்றால் உண்மையில் அதைவிடக் கூடுதலாகவும், பருத்தவரென்றால் குறைவாகவும் பெற்றிருப்பீர்கள். குழந்தையின் வயிற்று ஸ்கேனில் எந்த உருளையைக் கொண்டு எண் காட்டப்படுகிறது என்பதைப் பார்க்காமல் இரு இயந்திரங்களை ஒப்பிடக் கூடாது. எண் ஏறத்தாழ இரு மடங்கு மாறக்கூடும். இரண்டாம் எண், முதல் எண்ணை ஸ்கேன் செய்த நீளத்தால் பெருக்கியது. வயது வந்தவரின் மார்புக்கு அதை 0.014ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 5.6 மில்லிசீவர்ட் கிடைக்கும் (சீவர்ட் என்பது உடல் முழுவதற்குமான பாதிப்பு வாய்ப்பைக் குறிக்கும் அலகு). இயற்கையிலிருந்து ஒருவர் ஆண்டுக்குப் பெறும் உலகச் சராசரி 2.4 மில்லிசீவர்ட்.

கேள்வி: ஊழியர்களுக்கு ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்ற வரம்பு உண்டே, நோயாளிக்கு எவ்வளவு?

பதில்: நோயாளிக்கு வரம்பு கிடையாது. பரிசோதனை தேவைதானா, தேவையென்றால் டோஸ் தேவைக்கு மேல் போகிறதா என்ற இரண்டையுமே பார்க்க வேண்டும்.

கேள்வி: சிகிச்சைத் திட்டத்தைப் பாந்தத்தில் (உடலுக்குப் பதிலாக வைக்கும் மாதிரியில்) அளந்தபோது, கணக்கிட்ட டோஸையும் அளந்த டோஸையும் புள்ளி புள்ளியாக ஒப்பிடும் காமா ஒப்பீட்டில் 97 விழுக்காடு புள்ளிகள் தேறின. கையெழுத்திட இது போதுமா?

பதில்: டோஸில் 3 விழுக்காடு, இடத்தில் 2 மில்லிமீட்டர் வரை வேறுபடலாம் என்ற அளவுகோலில் 95 விழுக்காடு தேறினால் ஏற்கலாம் என்பது பரவலான வழக்கம். ஆனால் தேறாத மூன்று விழுக்காடு எங்கே இருக்கிறது என்பதை நான் முதலில் பார்ப்பேன். சிதறிக் கிடந்தால் கவலையில்லை. ஒருமுறை தேறாத புள்ளிகள் எல்லாம் ஒரே ஓரத்தில் கோடாக நின்றன. தேடிப் பார்த்ததில் கற்றையை வடிவமைக்கும் தகடுகளில் ஒன்று தன் இடத்தைவிட்டுச் சற்று விலகியிருந்தது. அந்தத் திட்டமும் 97 விழுக்காட்டை ஒட்டித்தான் தேறியிருந்தது. தண்டுவடத்தை ஒட்டிய இடத்தில் அப்படி ஒரு கோடு தெரிந்தால், விழுக்காடு எவ்வளவாக இருந்தாலும் காரணம் தெரியும்வரை நான் கையெழுத்திட மாட்டேன்.