கும்பகருணன் அரக்கன்தானே, கம்பராமாயணம் படிக்கும்போது அவன்மேல் ஏன் இரக்கம் வருகிறது?

ஏ.எல். (உயர்தரப்) பரீட்சைக்குக் குறிப்புத் தேடுகிறீர்கள் போல. புள்ளி கிடைக்கும் விடையை உங்கள் தமிழ் ஆசிரியரிடம் கேளுங்கள். நான் புலவன் இல்லை. இலங்கையில் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, பாடசாலை நாடகத்தில் கும்பகருணனாகப் படுத்துக் கிடந்தவன்.

என்னை ஏன் தெரிவு செய்தார்கள் என்று கேட்கவேண்டாம். வகுப்பிலேயே கறுப்பாகவும் குண்டாகவும் இருந்தது நான்தான். இராமனாக நடித்தது தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகன்.

‘உறங்குகின்ற கும்பகன்ன’ என்று தொடங்கி ‘எழுந்திராய் எழுந்திராய்’ என்று ஓடும் பாட்டுக்கு மேளம் கிடைக்கவில்லை. நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசையிலிருந்து தாத்தா தன் தப்பு மேளத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு காலத்தில் விடிய முன்பே பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூடுவதற்கு, ஆள் எழுப்பத் தப்படித்தவர். பாட்டை ஒருதரம் கேட்டுவிட்டு, “இது நம்ம விடியக்காலத் தப்புடா” என்றார். மேடையில் அவர் அடிக்க, இராவணனின் ஏவலாள்களான கிங்கரர் என்னை உலக்கையால் இடிக்க, கொழுந்தெடுத்துக் களைத்து வந்திருந்த பெண்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கம்பனும் அங்கே சிரிக்கத்தான் வைக்கிறான். எழுந்தவன் 600 வண்டிச் சோறும் குடம் குடமாகக் கள்ளும் விழுங்குகிறான். அதற்குப் பிறகு ‘ஏறுகின்ற பசியை எழுப்பினான்’ என்கிறான் கம்பன். அவ்வளவும் தின்றதில் பசிக்கு இப்போதுதான் தூக்கம் கலைந்ததாம்! இப்படி மிகையாகச் சொல்லிச் சொல்லி அவனை நம்மிலிருந்து எட்ட நிறுத்திவிட்டு, அப்புறம் அதே வாயால் பேச வைக்கிறான். போர் மூண்டுவிட்டது என்று தெரிந்ததும் அண்ணனிடம், ‘சானகி துயர் இனம் தவிர்ந்தது இல்லையோ?’ என்று கேட்கிறான். சீதையின் துயரம் இன்னுமா தீரவில்லை என்று. 600 வண்டி தின்ற வாய் இது. அந்த வசனத்தை நான் சொன்னபோது சிரிப்பு அப்படியே நின்றது, இன்றைக்கும் நினைவிருக்கிறது.

சூர்ப்பணகைக்கு இந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. அவள் பேசுவதற்கு முன்பே ‘நஞ்சமென வஞ்சமகள் வந்தாள்’ என்று கம்பன் தன் குரலிலேயே சொல்லிவிடுகிறான். ஞ்ச ஞ்ச என்று கொலுசுச் சத்தம் கேட்கும். நம் மனம் அதற்குள் தீர்ப்பு எழுதிவிடும்.

பிறகு, இராமன் பக்கம் சேர்ந்துவிட்ட தம்பி விபீடணன் அவனையும் அங்கே கூப்பிட வரும் இடம். ‘நீர்க்கோல வாழ்வை நச்சி’ என்று மறுமொழி தொடங்கும். நீரில் போட்ட கோலம் போன்ற வாழ்வை விரும்பி, இத்தனை நாள் வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்கிறான். எதுகைக்கு வந்த சொற்கள் போலத்தான் இருக்கும். ஆனால் உடம்பில் பூட்டிய போர்க்கோலத்தையும் அவன் நீர்க்கோலமாகவே பார்க்கிறான் என்று எனக்குப் படுகிறது.

உடனே இராவணனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். செய்தது பிழை என்று கும்பகருணனே அண்ணனின் முகத்துக்கு நேரே சொல்கிறான்.

கல்வி வலய நாடகப் போட்டியில் எங்களுக்கு இரண்டாமிடம். தப்பு சாவு வீட்டு வாத்தியம், காவியத்துக்குப் பொருந்தாது என்றார் ஒரு நடுவர். மிருதங்கம் வைத்த பாடசாலைக்கு முதலிடம். தாத்தா அதற்குப் பிறகு மேடைப் பக்கமே வரவில்லை. அந்த நடுவர் இதைப் படித்தால் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: கும்பகருணனை மிருதங்கம் வாசித்தா எழுப்புவார்கள்?