கையெழுத்து வாங்கிவிட்டால் கருத்துக் கேட்டதாகிவிடுமா?

கேள்வி: நாங்கள் கீழ்க்கோத்தகிரி பக்கம் இருக்கிறோம். எட்டு வயது மகனுக்கு ஆட்டிசம். ஊர் அரசுப் பள்ளியில் படிக்கிறான். கோத்தகிரி மையத்தில் சிறப்புப் பயிற்றுநரிடம் பயிற்சி. அந்த மையத்தை ஊட்டியோடு சேர்க்கப் போகிறார்களாம். பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். இப்போது கேட்டால், "எல்லாரும் சம்மதித்துவிட்டீர்களே" என்கிறார்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழில் பாதிப்பு 35 சதவீதம்தான் என்று இருப்பதால் எனக்குக் கேட்க உரிமை இல்லை என்றும் சொல்கிறார்கள். என்ன செய்வது? நான் தேயிலைத் தோட்டத்தில் தினக்கூலி.

பதில்: சகோதரி, அந்த 35 சதவீதத்தை முதலில் மனதிலிருந்து இறக்கி வையுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இல் 40 சதவீதம் என்ற வரம்பு சில சலுகைகளுக்குத்தான். 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி தரும் 31-ஆம் பிரிவு அப்படிப்பட்டது. ஆனால் பிள்ளையின் தேவைக்கேற்ற உதவி, முன்னேற்றத்தைக் கண்காணிப்பது, போக்குவரத்து வசதி ஆகியவற்றைச் சொல்லும் 16-ஆம் பிரிவில் சதவீதமே கிடையாது. உங்கள் மகன் அதற்குள் வருகிறான். அவன் வயதுக்கு இலவசக் கட்டாயக் கல்வி எப்படியும் உண்டு.

இனி அந்தத் தாள். மையத்தை மாற்றுமுன் ஒவ்வொரு பெற்றோரிடமும் சம்மதம் வாங்க வேண்டும் என்று நேரடியாகச் சொல்லும் பிரிவு அந்தச் சட்டத்தில் இல்லை, உண்மைதான். அதற்காக, முடிவெடுத்த பிறகு அறிவித்துவிட்டு அதைக் கருத்துக்கேட்பு என்று பதிவு செய்வது சரியாகிவிடாது. தலைப்பில் 'வருகைப் பதிவு' என்றிருந்தால் அது நீங்கள் வந்ததற்கு மட்டுமே சாட்சி. 'சம்மதம்' என்றே அச்சாகியிருந்தாலும், பிள்ளையின் கல்வி உரிமையைப் பெற்றோர் கையெழுத்தால் விட்டுக்கொடுத்துவிட முடியாது.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். அந்தத் தாளின் நகல், கூட்டக் குறிப்பு, இணைப்பு ஆணை, அதற்கான காரணம் எல்லாவற்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பாதிக்கப்படுபவருக்கு முடிவின் காரணத்தைச் சொல்வது அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி அலுவலகத்தின் கடமை. பலர் இதைக் கேட்பதே இல்லை.

ஆனால் அந்தப் பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள். முதன்மைக் கல்வி அலுவலருக்கு உடனே ஆட்சேபனை எழுதுங்கள். "எங்களுக்குக் கஷ்டம்" என்று மட்டும் எழுதினால் கோப்பில் தூங்கும். கோத்தகிரியிலிருந்து ஊட்டி சுமார் 30 கிலோமீட்டர். உங்கள் ஊரிலிருந்து கோத்தகிரி வருவது தனி. எத்தனை மணி பஸ், எங்கே மாற வேண்டும், நெரிசலில் பையன் காதைப் பொத்திக்கொண்டு அழுவானா, வளைவுகளில் வாந்தி எடுப்பானா, போய்ச் சேர்ந்தபின் பயிற்சிக்கு உட்காரும் நிலையில் இருப்பானா, உங்களுக்கு எத்தனை நாள் கூலி போகும் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். மழையில் மண் சரிந்து சாலை அடைபடும் நாட்களையும் சேருங்கள். சமவெளியில் ஒரு மணி நேரப் பயணத்துக்கும் மலையில் ஒரு மணி நேரப் பயணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்கள் எழுதாமல் அந்த மேசைக்கு யாரும் கொண்டுபோக மாட்டார்கள். கடைசியில் மாற்று வழியும் கேளுங்கள்: பயிற்றுநர் பள்ளிக்கே வரட்டும், இல்லையென்றால் வண்டி ஏற்பாடு செய்யட்டும்.

பள்ளியையும் உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஆசிரியர்களிடமும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். சிறப்புப் பயிற்றுநர் பள்ளிக்கு வர வேண்டும் என்று தீர்மானம் போட்டு, பள்ளி வளர்ச்சித் திட்டத்திலும் சேர்க்கச் சொல்லுங்கள். தொடக்க நிலையில் சிறப்புத் தேவையுள்ள 10 மாணவர்களுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்னதையும் தீர்மானத்தில் குறிப்பிடுங்கள்.

அப்புறமும் அசையவில்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்குப் புகார் அனுப்பலாம். அவர் பரிந்துரைத்தால், எடுத்த நடவடிக்கையையோ ஏற்காத காரணத்தையோ மூன்று மாதத்துக்குள் துறை தெரிவித்தாக வேண்டும். அதற்குள் மையம் மூடப்படும் நிலை வந்தால், சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் (அரசின் முடிவை எதிர்த்து நேரடியாகப் போடும் மனு) வழி. வக்கீல் செலவை நினைத்துப் பின்வாங்காதீர்கள்: பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. ஊட்டியில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள். போகும்போது ஆட்சேபனை மனுவின் நகலையும் அதை அனுப்பிய ரசீதையும் கையோடு எடுத்துப் போங்கள்.