வளவில் சீரியல் செட்: கிராதியில் ஷாக் அடித்தால்?

கேள்வி: கானாடுகாத்தான் பக்கம் எங்கள் ஐயா வீடு. பழைய ஒயரிங். போன திருக்கார்த்திகைக்கு வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றி சீரியல் செட் போட்டோம். தூறலில் கிராதியைத் தொட்ட மகனுக்குச் சுருக்கென்றது. இந்த வருடம் போடலாமா?

பதில்: போடலாம் ஆச்சி. ஆனால் அந்தச் சுருக்கை லேசில் விடாதீர்கள். "ஒரு பல்புக்கு மூணு வோல்ட்தான், ஒன்றும் செய்யாது" என்று கடையில் சொல்வார்கள், நம்பவேண்டாம். நேரே பிளக்கில் சொருகும் செட்டில் பல்புகள் வரிசையாக 230 வோல்ட்டைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒயர் எங்கே உரிந்தாலும் அங்கே இருப்பது வீட்டு மின்சாரமேதான். மெல்லிய ஒயரைக் கட்டுக்கம்பியால் கிராதியோடு முறுக்கினால் கம்பி உறையைக் கிழித்துவிடும். கார்த்திகை மழை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். நைலான் டேக்கால் தளர்வாகக் கட்டுங்கள். கிராதியை விட்டு, மழை படாத தேக்குத் தூண்களில் கட்டினால் இன்னும் நல்லது.

அடாப்டரோடு வரும் செட் மட்டும் விதிவிலக்கு. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஒயரின் நடுவே மினுக்கும் விதத்தை மாற்ற ஒரு பட்டன் பெட்டி இருக்குமே, அது அடாப்டர் இல்லை. மின்னழுத்தத்தைக் குறைப்பது அதன் வேலையும் இல்லை. அடாப்டர் என்றால் பிளக்கோடு சேர்ந்த தனிப் பெட்டி. அதன் மேல் 'அவுட்புட்' என்ற இடத்தில் 12, 24, 31 என்று சின்ன வோல்ட் போட்டிருக்கும். அப்படி எழுதியிருந்தால்தான் வாங்குங்கள். அந்த அடாப்டரும் பட்டாலைக்குள் (உள்கூடத்தில்) நனையாமல் இருக்கவேண்டும். பெட்டியில் ஒட்டிய முத்திரையை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணை, தரச்சான்று தரும் அரசு அமைப்பான பிஐஎஸ்ஸின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டுப் பாருங்கள். சந்தையில் போலிகளைப் பிடிக்க வேண்டியவர்கள் பிடித்தால் இந்த வேலை உங்களுக்கு எதற்கு?

எதை வாங்கினாலும் மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், இருக்கவேண்டும். எர்த்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். புது வீட்டுக்கு இணைப்பு கேட்டால் இதெல்லாம் கேட்கிறார்கள். நூறு வருட வீட்டை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மழையில் ஆர்சிசிபி அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று கூப்பிட்டால், அதை பைபாஸ் செய்துவிட்டு, கூலியும் வாங்கிப் போகும் ஆட்கள் இருக்கிறார்கள். ட்ரிப் ஆவது கோளாறு இல்லை, எங்கோ கசிகிறது என்ற சேதி. கசிவைத் தேடாமல் ஆர்சிசிபியில் கைவைப்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஃபியூஸில் தடித்த கம்பி சுற்றுகிறவரையும்தான்.

ஏழெட்டு செட்டை ஒரே பிளக்கில் கோக்காதீர்கள். அகல் விளக்கு ஒயருக்கு நேர் கீழே வேண்டாம். திருக்கார்த்திகையிலிருந்து பிள்ளையார் நோன்பு வரை 21 நாளும் தொங்குவதென்றால், படுக்கப்போகும் முன் சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் உருவிவிடுங்கள். ஆர்சிசிபியில் 'டி' பட்டனை இன்றைக்கே ஒருமுறை அமுக்குங்கள். கரண்ட் போகவில்லை என்றால் புதிதாக மாற்றிய பிறகுதான் செட்.